கீழே கடை, மேலே வீடு: நட்டஈடு யாருக்கு?

தமிழர் வணிகம் செய்யும் ஊர்களிலெல்லாம் ஒரே மாதிரியான கட்டடமொன்றைக் காணலாம். வீதியைப் பார்த்தபடி கடை. கடைக்கு மேலேயோ பின்னாலேயோ வீடு. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலும், கொழும்புச் செட்டியார் தெருவிலும், வெள்ளவத்தைக் காலி வீதியிலும், லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் இந்த அமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. கல்லாப்பெட்டியும் சாமியறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பகலில் கணக்கெழுதிய மேசையில் இரவு பிள்ளைகள் படிப்பார்கள். தீ பிடித்தால் இரண்டும் ஒன்றாகவே எரியும். காப்புறுதிப் பத்திரம் மாத்திரம் இந்தக் கட்டடத்தை இரண்டாக வெட்டி, கடையை ஒரு பக்கத்திலும் வீட்டை இன்னொரு பக்கத்திலும் வைக்கிறது. வெட்டிய இடைவெளியில் விழுந்து காணாமற்போவது உரிமையாளனின் வாழ்நாள் உழைப்பு.

இதைக் காப்புறுதி முகவர்களுக்கும் கணக்காளர்களுக்கும் உரிய விடயமென்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவர்கள் இந்நாட்டின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தெற்கிலும் மலையகத்திலும் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டபோது கடைக்கு மேலிருந்த வீடுகளும் சேர்ந்தே எரிந்தன. 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டபோது நகரின் கடைகளும் தப்பவில்லை. 2014இல் அளுத்கமவிலும், 2018இல் திகனவிலும், 2019இல் மினுவாங்கொடவிலும் முஸ்லிம் சகோதரரின் கடைகளையும் வீடுகளையும் தேடி வந்ததும் அதே தீதான். இலங்கையில் கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் என்பது சிறுபான்மையினரின் பொருளாதாரத்தினது அடையாளம். ஆகவே அதற்குரிய காப்புறுதி ஓர் அரசியல் கேள்வி. அதை அரசியல் கேள்வியாகவே நான் இங்கு எழுப்புகிறேன்.

முதலில் பத்திரத்தைப் பார்ப்போம். வீட்டுக் காப்புறுதி, 'வசிப்பிடமாக மாத்திரம் பயன்படுத்தப்படும் கட்டடம்' என்ற எண்ணத்தில் எழுதப்படுவது. கீழே பலசரக்குக் கடையோ சாப்பாட்டுக் கடையோ இருக்கிறதென்பதைச் சொல்லாமல் அதை எடுத்தவருக்கு, தீ விபத்தின் பின்னர் வரும் முதற் கடிதமே நிராகரிப்புக் கடிதமாக இருக்கக்கூடும். மறுபுறத்தில் கடைக்கென எடுக்கும் தீக் காப்புறுதி, அட்டவணையில் எழுதிய கட்டடத்துக்கும் சரக்குக்கும் உபகரணங்களுக்குமே பொறுப்பேற்கும். நகை, காசு, காணி உறுதி, கணக்குப் புத்தகம் ஆகியவை தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி அதில் அடங்கா. மேல்மாடி அலுமாரியிலிருந்த தாலிக்கொடிக்கும் மகளின் சான்றிதழ்களுக்கும் கடைப் பத்திரத்தில் இடமில்லை. கடையிலேயே படுத்துறங்கும் வேலையாட்களின் உடுபுடவைக்கும் சிறு சேமிப்புக்கும் எந்தப் பத்திரத்திலும் இடமில்லை.

வழமையான தீக் காப்புறுதிப் பத்திரங்களில் மூன்று நிபந்தனைகள் உண்டு. அவற்றை நமது உரிமையாளர்கள் வாசித்திருப்பது அரிது. கட்டடத்தில் நடக்கும் தொழில் மாறி, அதனால் ஆபத்து கூடினால், நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாதவிடத்துக் காப்பு நின்றுபோகும் என்பது முதலாவது. புடைவைக்கடை சாப்பாட்டுக் கடையாக மாறுவது நமக்கு வியாபார மாற்றம். பத்திரத்துக்கு அது புதிய ஆபத்து. கட்டடம் முப்பது நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால் காப்பு நிற்கும் என்பது இரண்டாவது. கீழ்க்கடையை வாடகைக்குக் கொடுத்து, மேல்வீட்டைப் பூட்டிச் சாவியை அயலவரிடம் ஒப்படைத்துவிட்டு ரொறன்ரோவிலும் பரிஸிலும் வாழும் வாசகர்கள் இந்த வரியை இருமுறை வாசிப்பது நல்லது. சொத்தின் உரிமை கைமாறினால் (மரண சாசனத்தாலோ சட்டத்தின் செயற்பாட்டாலோ மாறுவது தவிர) காப்பு புதிய உரிமையாளரைத் தானாகத் தொடராது என்பது மூன்றாவது. மகளுக்குச் சீதனமாகக் கட்டடத்தை எழுதிக்கொடுத்துவிட்டுத் தகப்பன் பெயரில் தொடர்ந்தும் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

இவற்றுக்கும் மேலாக இருப்பது சராசரி விதி. இதை ஓர் உதாரணத்தால் விளக்குவது எளிது. ஒரு கட்டடத்தை மீளக் கட்டுவதற்கு 200 இலட்சம் ரூபா தேவையென்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அதை 80 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறார். தீயினால் 50 இலட்சம் ரூபா சேதம் ஏற்படுகிறது. சேதம் 80 இலட்சத்துக்குக் குறைவுதானே, முழுத்தொகையும் கிடைக்கும் என்று அவர் நம்புவார். கிடைக்கப்போவது 20 இலட்சம். பெறுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கே காப்புறுதி செய்தபடியால், சேதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கே தரப்படும். 2022இல் ரூபா வீழ்ந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட பின்னர், சீமெந்தும் கம்பியும் என்ன விலைக்குப் போயின என்பதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். 2020இல் எழுதிய தொகையை அப்படியே ஆண்டுதோறும் புதுப்பித்துவரும் எவரும் இன்று அரைக் காப்புறுதியுடனேயே இருக்கிறார். கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்தில் இந்தக் குறைமதிப்பு இரட்டிப்பாகிறது. வங்கிக் கடனுக்காகக் கடைப்பகுதியை மாத்திரம் மதிப்பிட்டுவிட்டு, மேல்வீட்டை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

காப்புறுதி நிறுவனங்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. சமையல் வாயுச் சிலிண்டர்களை அடுக்கிய சாப்பாட்டுக் கடைக்கு மேல் ஒரு குடும்பம் உறங்குமானால் அங்கு ஆபத்து அதிகம். 2021இன் இறுதியில் நாடெங்கும் வாயுச் சிலிண்டர் வெடிப்புகள் வரிசையாக நடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆபத்துக் கூடினால் கட்டணமும் கூடும் என்பது நியாயமே. எனது வாதம் கட்டணத்தைப் பற்றியதன்று. கூடுதல் ஆபத்துக்குக் கூடுதல் பணம் கேளுங்கள். வயரிங் பழுதானதென்றால் திருத்தும்படி கூறுங்கள். தீயணைப்புக் கருவி வைக்கும்படி நிபந்தனை இடுங்கள். பத்து வருடம் பேசாமல் கட்டணத்தை வாங்கிவிட்டு, கூரை எரிந்து வீழ்ந்த மறுநாள் 'மேலே வீடு இருப்பதை நீங்கள் சொல்லவில்லையே' என்று கோப்பை மூடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். வீதியில் போகிறவர் எவருக்கும் தெரிகின்ற பால்கனியும் கொடியில் காயும் சேலையும் காப்புறுதியாளரின் கண்ணுக்கு மாத்திரம் தெரியாமற்போனது எவ்வாறு?

இந்த 'சொல்லவில்லையே' என்ற ஆயுதம் நமது நாட்டில் பிறந்ததன்று. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிவில் சட்டக் கட்டளைச்சட்டம், ஆயுள் காப்புறுதியிலும் தீக் காப்புறுதியிலும் இங்கிலாந்துச் சட்டமே இலங்கையிலும் பிரயோகிக்கப்படும் என்றது. இங்கிலாந்தின் பழைய விதியோ கடுமையானது. காப்புறுதி எடுப்பவர் முக்கியமான உண்மையொன்றைச் சொல்லத் தவறினால், அது மறதியால் நேர்ந்ததாயினும், முழுப் பத்திரமும் செல்லுபடியற்றதாகலாம். கடற்பயணக் கப்பல்களுக்காக 18ஆம் நூற்றாண்டில் செதுக்கிய விதி, பலசரக்குக் கடைக்காரனின் தலையில் வந்து விழுந்தது. அந்த இங்கிலாந்தே தன் தவறை உணர்ந்து, சாதாரண நுகர்வோருக்காக 2012இலும், வணிகர்களுக்காக 2015இலும் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. வேண்டுமென்று ஏமாற்றாதவருக்கும் அசட்டைத் துணிவுடன் நடக்காதவருக்கும் இப்போது அங்கு விகிதாசார முறை பொருந்தும். உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் 50,000 கட்டணம் கேட்டிருக்கும், செலுத்தியது 30,000 என்றால், கோரிக்கையில் 60 சதவீதம் வழங்கப்படும். இழந்தவர் தெருவில் நிற்கமாட்டார். காலனித்துவ எசமான் கைவிட்ட கடுமையை நாம் ஏன் கட்டிக்காக்கவேண்டும்? திருத்தத்தின் பயனை நீதிமன்ற வியாக்கியானத்துக்கு விட்டுவைக்காமல், நாடாளுமன்றம் தெளிவான வாசகத்தில் எழுதிவைக்கட்டும்.

இனிக் கலவரத்துக்கு வருவோம். வழமையான தீக் காப்புறுதி கலவரத்தால் மூட்டப்படும் தீயை உள்ளடக்குவதில்லை. வேலைநிறுத்தம், கலவரம், குடியியல் குழப்பம் என்பவற்றுக்கெதிரான காப்பை மேலதிகக் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். 1983 ஜூலையில் சாம்பலான கடைகளின் முன் நின்றவர்களிற் பலருக்கு அந்த வேறுபாடு அன்றுதான் தெரியவந்தது. புங்குடுதீவிலிருந்தும் ஏனைய தீவுகளிலிருந்தும் புறப்பட்டு, தெற்கின் சிறு பட்டினங்களிற் கடை வைத்துத் தலைமுறையாய் முன்னேறியவர்களின் கதை பலவிடத்து அந்த ஒரு வாரத்தில் முடிந்துபோனது.

அன்றைய நிலையை இன்றைய இளைய வாசகர்கள் அறிந்திருக்கவேண்டும். 1983இல் இந்நாட்டிற் காப்புறுதி அரசாங்கத்தின் ஏகபோகம். 1962இல் தொடங்கிய காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் 1980இல் தொடங்கிய தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் அரசுக்கே உரியவை. தனியார் நிறுவனங்கள் பின்னரே அனுமதிக்கப்பட்டன. கலவரத்தின் பின் அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் ஓர் அதிகாரசபையை அமைத்து, பாதிக்கப்பட்ட சொத்துகளை அரசின் பொறுப்பிற் கொண்டுவந்தது. எரிந்த கட்டடத்தின் சொந்தக்காரர் தமது சொத்தைத் திரும்பப் பெற அதே அரசிடம் விண்ணப்பிக்கவேண்டியிருந்தது. ஆக, தீ வைத்தவர்களைத் தடுக்காததும் அரசு, நட்டஈட்டைத் தீர்மானித்ததும் அரசு, எரிந்த சுவரைக் கையேற்றதும் அரசு. ஒரே கை மூன்று வேடம் போட்ட நாடகம் அது.

1983க்குப் பின்னர் வெளிநாட்டு மறுகாப்புறுதி நிறுவனங்கள் இலங்கையின் கலவர ஆபத்தை ஏற்கப் பின்வாங்கின. அதனால் 1980களின் பிற்பகுதியில் அரசாங்கமே ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. பின்னர் பயங்கரவாத ஆபத்தும் அதிற் சேர்க்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் அது இயங்குகிறது. தனியார் நிறுவனங்கள் கலவரக் காப்புக்கென அறவிடும் கட்டணம் இந்நிதியத்துக்குச் செல்கிறது. ஏற்பாட்டில் தவறில்லை, இப்படியொரு நிதியம் பல நாடுகளில் இல்லை. ஆனால் அது விரும்பினாற் சேரும் காப்பு. எவருக்கு அது கட்டாயம் தேவையோ, அந்தச் சிறுகடைக்காரருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. முகவர் சொல்வதில்லை; பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் 1987இல் அரசகரும மொழியாக்கப்பட்டது. ஆயினும் பல ஆண்டுகளாக என்னிடம் வாசகர்கள் கொண்டுவந்து காட்டிய காப்புறுதிப் பத்திரங்கள் அனேகமாக ஆங்கிலத்திலேயே இருந்தன. வாசிக்க இயலாத ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவனை 'நிபந்தனையை மீறினாய்' என்று குற்றஞ்சாட்டுவது எந்த ஊர் நீதி?

இங்கிலாந்தை மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். 2011 ஆகஸ்ட் 6ஆம் திகதி லண்டன் டொட்டன்ஹாமிற் கலவரம் மூண்டபோது, கீழே கம்பளக் கடையும் மேலே குடியிருப்புகளும் கொண்ட கட்டடமொன்று எரிந்து பாழானதைத் தொலைக்காட்சியிற் பார்த்தோம். அது நமது கட்டடத்தின் பெரிய வடிவமே. அங்கு 1886ஆம் ஆண்டின் கலவர நட்டஈட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அமைதியைக் காப்பது பொலிசாரின் கடமை. கலகக்காரர் சொத்தை அழித்தால் அக்கடமை தவறியதாகும். ஆகவே பொலிஸ் நிதியே நட்டஈடு தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. காப்புறுதி செய்தவரும் செய்யாதவரும் கோரலாம். 2016இற் புதிய சட்டம் வந்து ஒரு கோரிக்கைக்குப் பத்து இலட்சம் பவுண் என்று உச்சவரம்பு விதித்தது. அடிப்படைக் கொள்கை மாறவில்லை. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் ஏற்றுக்கொண்ட பொறுப்பை, சுதந்திர இலங்கையின் எந்த அரசாங்கமும் சட்டமாக ஏற்றுக்கொண்டதில்லை. இங்கு நட்டஈடு என்பது அமைச்சரவையின் கருணை. 1987இன் 29ஆம் இலக்கச் சட்டம் முதல் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைத்த 2018இன் 34ஆம் இலக்கச் சட்டம் வரை, மனுக்கொடுத்துக் காத்திருப்பதே பாதிக்கப்பட்டவரின் பங்கு.

கருணை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் சுரப்பதுமில்லை. 2022 மே 9ஆம் திகதி அரசியல்வாதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. அதுவும் குற்றமே, அவர்களுக்கும் நட்டஈடு பெறும் உரிமை உண்டு. 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்ட விபரப்படி, அவ்வாறு பாதிக்கப்பட்ட அரசியல்வாதிகள் 43 பேருக்கு 120 கோடி ரூபாவுக்கும் அதிகமான தொகை வழங்கப்பட்டிருந்தது. நாடு வங்குரோத்து அடைந்திருந்த வேளையிலும் அந்தப் பணத்தைத் தேடிக்கொள்ள முடிந்தது. அப்படியாயின் பணமில்லை என்ற பதிலை இனிமேல் எவரும் கடைக்காரனுக்குச் சொல்லக்கூடாது.

நம்மவரையும் விட்டுவிட முடியாது. வருமான வரிக்கு அஞ்சிச் சரக்கைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நமது வணிகரிடம் ஊறியது. ஒரு கணக்கு வரித் திணைக்களத்துக்கு, இன்னொன்று தமக்கு. தீ பிடித்த பின்னர் காப்புறுதி நிறுவனம் கேட்பது முதலாவது கணக்கைத்தான். வரியில் மிச்சம்பிடித்த சில ஆயிரங்களுக்காக இலட்சங்களைத் தாமே எழுதிக் கழித்தவர்கள் இவர்கள். 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று வாசலில் வேப்பிலையும் எலுமிச்சையும் கட்டுவதோடு பாதுகாப்பு முடிந்ததென்று கருதுபவர்களும் உண்டு. எலுமிச்சையைக் கட்டுங்கள், அதனருகே தீயணைப்புக் கருவியையும் மாட்டுங்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகளிலும் இதே சிக்கல் புதிய உருவில் இருக்கிறது. தரைத்தளத்தில் வங்கியும் உணவகமும், மேலே குடும்பங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதன் திருத்தங்களும், வீட்டுரிமையாளர்கள் அடங்கிய முகாமைக் கூட்டுத்தாபனத்திடம் கட்டடத்தின் பொதுப் பொறுப்பை ஒப்படைக்கின்றன. மேற்பார்வைக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வீடு வாங்கிய எத்தனை பேர், தமது தொடர்மாடியின் பொதுக் காப்புறுதி எவ்வளவுக்கு, எப்போது மதிப்பிடப்பட்டது, கீழேயுள்ள உணவகம் அதிற் குறிப்பிடப்பட்டுள்ளதா, கலவரக் காப்பு சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டிருக்கிறார்கள்? தன் வீட்டுக்குள் உள்ள சாமானை மாத்திரம் காப்புறுதி செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், தன் வீட்டைத் தாங்கிநிற்கும் தூணை மறந்துவிட்டார்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். கடையும் வீடும் கலந்த கட்டடத்தின் சுவரும் கூரையும் ஒரே பத்திரத்தில், மீளக் கட்டும் பெறுமதிக்குக் காப்புறுதி செய்யப்படவேண்டும். உள்ளேயுள்ள சரக்கையும் சாமானையும் அவரவர் தனியாகக் காப்புறுதி செய்யட்டும். கலவரக் காப்பு அந்தப் பத்திரத்தின் பிரிக்க முடியாத பகுதியாகவேண்டும். வேண்டாமென்பவர் எழுதிக்கொடுத்து விலகட்டும். நிறுவனம் கட்டடத்தை நேரிற் பார்த்த பின்னரே பத்திரம் வழங்கவேண்டும். பார்த்த பின்னர் 'தெரியாது' என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. தவறிய தகவலுக்கு விகிதாசாரக் குறைப்பே தண்டனையாகவேண்டும். பத்திரமும் நிராகரிப்புக் கடிதமும் வாடிக்கையாளரின் மொழியில் வழங்கப்படவேண்டும். இதனை இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு தண்டப்பணத்துடன் நடைமுறைப்படுத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலவரத்தால் அழியும் சொத்துக்கு அரசே சட்டப்படி பொறுப்பாளி என்ற ஒரு வரி இந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் எழுதப்படவேண்டும்.

இவற்றிற் கடைசியானதையே ஆட்சியாளர்கள் அதிகம் எதிர்ப்பார்கள். காரணம் எளிது. கடை எரியும்போது பொலிசார் கைகட்டி நிற்பதற்கு இன்றுவரை அரசுக்குச் செலவேதும் இல்லை. எரிகின்ற ஒவ்வொரு கூரைக்கும் திறைசேரியிலிருந்து பணம் போகுமென்ற சட்டம் வந்தால், கலவரத்தின் முதற் கல் எறியப்படும்போதே பொலிசார் வீதிக்கு வருவார்கள். காப்புறுதி பற்றி எழுதத் தொடங்கி நான் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று. நட்டஈட்டைச் சரியாக எழுதினால், நட்டமே நேராமற்போகலாம்.

அதுவரை, கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்கிறவர்கள் இன்றே தமது பத்திரத்தை எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரை அருகில் இருத்தி, வரி வரியாக வாசித்துப் பார்க்கட்டும். மேலே வீடு இருக்கிறதென்று அதில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?